வருடத்துக்கு இரண்டு முறை

"இந்தக் கால்வா எவ்வளவு மழைக்குத் தாங்கும் தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இருபது வருடங்களுக்கு முன்பு, ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில் மழைநீர் வடிகாலுக்காக லெவல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது, வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். பதில் என் பையிலிருந்த தாளில் இருந்தது. "நல்லாத் தாங்கும் ஐயா" என்றேன்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, விழுந்ததில் எவ்வளவு பங்கு ஓடி வரும் என்ற குணகம், மூன்றையும் பெருக்க வேண்டும். 10 ஹெக்டேரில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். தோப்பும் வெறும் மண்ணுமாக இருந்து குணகம் 0.3 என்றால், நொடிக்கு 500 லிட்டர். அதே இடம் சிமெண்டும் கூரையுமாகி 0.8 ஆனால் 1,333 லிட்டர். 1889-இல் எமில் குய்க்லிங் அமெரிக்காவில் எழுதிவைத்த வழி இது. 'ரேஷனல் மெத்தட்' என்று பெயர், அறிவுக்கு ஒத்த முறையாம்.

பரப்பு வரைபடத்தில் கிடைக்கும். குணகத்தை நடந்து பார்த்து ஒரு மாதிரி சொல்லிவிடலாம். மழையின் வேகத்தை மட்டும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அதற்கெல்லாம் தெரு வடிகால் கட்டப் புறப்பட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு மிஞ்சாது. ஆகவே எத்தனை தடவை தோற்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்கிறோம். இதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு அடுத்த வரியில். நாங்கள் பின்பற்றிய மத்திய அரசின் 1993 கையேட்டில் ஒரு சிறு அட்டவணை உண்டு. ஓரப்பகுதிக் குடியிருப்புகளில் வருடத்துக்கு இரண்டு முறை வெள்ளம் தேங்கலாம். மையத்தில், விலை கூடிய குடியிருப்புகளில், ஒரு முறை. கடைவீதியில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. 2019-இல் வந்த புதிய கையேடு வரம்புகளை உயர்த்தியது. மையம், ஓரம் என்கிற பிரிவு போகவில்லை.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்: விலை கூடிய இடத்தில் தண்ணீர் புகுந்தால் நட்டம் அதிகம், அங்கே செலவழிக்கும் ரூபாய் அதிக ரூபாயைக் காப்பாற்றும். ரூபாயில் அளந்தால் சரிதான். ஆனால் கடைக்காரருக்கு நனைந்த சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கலாம். நனைந்த ஒரு மூட்டை அரிசி ஒரு வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சாப்பாடு. எதை வைத்து அளப்பது என்பதை எந்த வாய்ப்பாடும் சொல்லாது. அந்த இடத்தில் நான் அளந்தது நிலத்தின் விலையை. அதைக் கணக்கு என்று நம்பினேன், அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

இன்னொன்று. கடைவீதிக்குப் பெரிய வடிகால் போட்டோமே, அந்தத் தண்ணீர் எங்கே போனது? பெரியவரின் தெருவை ஒட்டிய ஓடைக்கு. நாங்கள் மேலே வெள்ளத்தைக் குறைத்தது அவர் பக்கம் சீக்கிரமாகத் தள்ளிவிட்டுத்தான்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவ தண்ணி நிக்கும் ஐயா, அவ்வளவுதான் கணக்கு" என்று சொல்லியிருந்தால் அவர் சண்டைக்கு வந்திருப்பார், மனு எழுதியிருப்பார். அல்லது பேஸ்மட்டத்தையாவது ஏற்றியிருப்பார். அதைத் தெரிந்துகொள்ளத்தானே கேட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது மேஸ்திரி நூல் கட்டிக்கொண்டிருந்தார். ரோட்டு மட்டத்துக்கு மேலே ஒரு முழம்கூட இருக்காது.