கண்ணாடிச் சட்டமும் கர்மயோகமும்

உத்தரப் பிரதேசத்திலுள்ள சஹாரன்பூர் நகரம் மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. அங்கே ஒரு பட்டறையில் வட்டக் கண்ணாடிச் சட்டங்கள் செய்யும் இளைஞர் கேட்டார்: “சுவாமிஜி, அகங்காரத்தை விடு என்கிறீர்கள். நானோ, பிறர் தம் முகத்தைக் கண்டு மயங்குவதற்கான பொருளையே நாள் முழுவதும் அலங்கரிக்கிறேன். இந்தத் தொழில் சாதனையாகுமா?”

சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று இது. செய்யும் கையின் தூய்மை, செய்த பொருளின் பயனைப் பொறுத்ததா?

நம் முன்னோர் இதில் ஒருமித்துப் பேசவில்லை. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபத்தையும் இல்லறத்தார்க்கு விலக்கினார் புத்தர். மகாபாரதத்தின் வனபர்வமோ மிதிலையில் இறைச்சி விற்ற தர்மவியாதரையே, தவச்செருக்குற்ற அந்தணருக்குக் குருவாக்குகிறது. சுவாமி விவேகானந்தர் ‘கர்மயோக’த்தில் எடுத்துரைக்கும் கதையும் இதுவே. ஆயினும், தாம் உயிர்களைக் கொல்வதில்லை என்று அந்த வியாதர் தனியே சொல்வதை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம். எல்லையே இல்லை என்று அவரும் கருதவில்லை. ஈடுபாட்டுடன் செய்தால் எத்தொழிலும் யோகமே என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நஞ்சு காய்ச்சுபவனும் ஈடுபாட்டுடன் காய்ச்சலாமே!

கண்ணாடி அத்தகைய பொருள் அன்று. அது நரையையும் காட்டுகிறது; மயக்கம் பார்ப்பவன் கொண்டுவருவது. சட்டத்திற்கு இந்த வாதம் முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அலங்காரம் கண்ணை அழைக்கத்தான் செய்கிறது. நெருப்பைப் புகை சூழ்வதுபோல் எல்லாச் செயல்களையும் ஏதோ ஒரு குறை சூழ்ந்திருப்பதாகக் கீதையின் 18-ஆம் அத்தியாயம் காண்கிறது. இத்தொழிலிலும் அந்த அளவு புகை உண்டு. அதற்காகத் தொழிலை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வேலை செய்வதைப் பார்த்தபின் அந்த எண்ணம் உறுதியாயிற்று.

ஷீஷம் மரத்துண்டுகளை வளையமாக ஒட்டிக் கடைசல் இயந்திரத்தில் பொருத்துகிறார். மரம் சுழல்கிறது; கை உளியை நிதானமாகத் தாங்கி நிற்கிறது. சற்று அவசரப்பட்டாலும் உளிமுனை கொத்தி, மரத்தைப் பிய்த்துவிடும். கொடியும் இலையும் செதுக்கும்போது நிலை மாறுகிறது. அப்போது மரம் அசைவதில்லை. உளிதான் மரத்தின் இழையோட்டம் அறிந்து நகர வேண்டும். இவற்றைவிட என்னைக் கவர்ந்தது சட்டத்தின் பின்புறம். கண்ணாடி அமர்வதற்கு அங்கே ஒரு படி வெட்டுகிறார். அதைக் கண்ணாடியின் அளவைவிட இரண்டொரு மில்லிமீட்டர் தாராளமாகவே விடுகிறார். மாட்டிய பின் எவர் கண்ணிலும் படாத இடம் அது.

“ஏன் இந்த இடைவெளி?” என்று கேட்டேன்.

“மழைக்காலத்தில் மரம் பருக்கும், கோடையில் சுருங்கும். கண்ணாடிக்கு அந்தக் குணம் கிடையாது. இறுக்கி வைத்தால் என்றாவது விரிசல் விடும். துடைக்கும்போது யார் கையையாவது கிழித்துவிடுமே, சுவாமிஜி” என்றார். தாம் கேட்ட கேள்வியை அவர் அப்போது மறந்துவிட்டிருந்தார்.