பெயர் வெட்டிய குடம்

பூதப்பாண்டியில் என் ஆச்சி அடிக்கடி சொல்வாள்: "வீடு பொம்பளை வழி வந்துது, சாவி ஆம்பளை மடியில கெடந்துது." நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே வழங்கிய மருமக்கள் வழி முறையைத்தான் அப்படிச் சொன்னாள். சொத்து தாயின் கிளையில் இறங்கியது. ஆண்டு அனுபவித்தவர் காரணவர். கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியபோது, அந்த வீட்டின் கதையை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயால்தான் சொல்லவைத்தார். வீடு யாருடையது என்பதைப் பத்திரம் மட்டும் சொல்லிவிடாது என்று எனக்கு அப்போதே பட்டது.

மாணவியரோடு செட்டிநாடு போனபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. நகரத்தார் வட்டிக்கடைப் பணத்தில் எழுந்த பெரிய வீடுகள் இன்று விடுதிகளாகவும் காட்சியகங்களாகவும் மாறிவருகின்றன. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீடும் இருக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. இடித்து மரத்தை விற்பதைவிட இது நல்லது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வழிகாட்டி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். முகப்பு, பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளை சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல். வளவுக்கு வந்ததும், மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை என்கிறார். மூன்றாங்கட்டு அடுப்படி வரும்போது பேச்சு முடிந்துவிடுகிறது. மகள்களுக்கு அறை எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். "அவங்க கட்டிக்குடுத்த வீட்டுக்குப் போயிருவாங்கம்மா" என்றார் அவர், அதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல. கானாடுகாத்தானில் 'விசாலம்' என்ற வீட்டை ஒரு தந்தை தன் மூத்த மகளுக்காகக் கட்டினார் என்பதை இன்றும் வியந்து சொல்கிறார்கள். அந்த வியப்பே வழக்கம் எதுவென்று காட்டிவிடுகிறது.

ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய் மூன்றாண்டுத் தவணையில் கணக்குப் பார்த்தார்கள். அந்த மூன்று ஆண்டும் நெல்லையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்ட பெண்களுக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை. 1930-களில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. நிலத்தை இழந்த உழவர்கள் பெயரும் எந்தச் சுவரிலும் இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு பித்தளைக் குடத்தைக் கையில் எடுத்தேன். கழுத்தில் பெயரெழுத்துகள் வெட்டியிருந்தன. சீராக வந்த பாத்திரம், பெண்ணின் உடைமை. அந்தப் பெரிய வீட்டில் அவள் தனது என்று சொல்லிக்கொள்ள இருந்தவற்றுள் அதுவும் ஒன்று. மகன்களின் வீடு மரபுச் சின்னமாகிக் காப்பாற்றப்படுகிறது. அவளுடைய குடம் பேரம் பேசி விற்கப்படுகிறது. அழகு இரண்டிலும் இருக்கிறது. எதைப் பாதுகாப்பது என்று தீர்மானிப்பவர் யார்?

இது பழங்கதை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் 1989-இல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்த சட்டம், அதற்கு முன்பே மணமானவர்களை வெளியே நிறுத்தியது. 2005-இல்தான் அந்தக் கதவும் திறந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளின் விதியைப் பங்காளிகளே பேசி முடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட மகளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வீட்டைப் பண்பாட்டு இடமாக்குவது, அதை ஆண்ட ஒழுங்கையும் சேர்த்து மெழுகித் துடைத்து வைப்பதாக இருக்கக் கூடாது. அந்த ஒழுங்கை அழகென்று மட்டும் காட்டினால் நாம் அதற்கு இரண்டாம் முறை சம்மதிக்கிறோம். வெறுத்து இடித்தாலோ, அந்தப் பெண்கள் வாழ்ந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். அதனால் வீடு இருக்கட்டும். பார்வையாளரைப் பின்கட்டு வழியாக உள்ளே அழைத்துப் போகலாம். அம்மியையும், புகை படிந்த சுவரையும், ஆச்சிகள் பனையோலையில் முடைந்த கொட்டானையும் பார்த்த பிறகு முகப்புக்கு வரட்டும். இன்று அந்தத் தளத்தைத் துடைக்கிற பெண்ணுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று நாமும் கேட்போம்.

குடத்தை நான் வாங்கவில்லை. எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும், அம்மையின் செம்புப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதில் வெட்டியிருந்தது தாத்தாவின் பெயர்.