தலையெழுத்துக்கு எதிர்ச்சொல் எது?

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. வாலி இங்கே சிவனை வழிபட்டான், அதனால்தான் இந்தப் பெயர் என்பது தலபுராணம். வாலி ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டான். அவனை எச்சரித்த தாரைக்கு அதில் இடமில்லை. ஆனால் விதியைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் யோசிக்க, வாலியைவிடத் தாரையே நமக்கு அதிகம் தேவைப்படுகிறாள்.

வால்மீகியின் கதையில், அடிவாங்கி ஓடிய சுக்ரீவன் உடனே திரும்பி வந்து வாலியை மீண்டும் சண்டைக்கு அழைக்கிறான். வலுவான துணை இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் வரமாட்டான் என்று தாரை கணிக்கிறாள். ராமன் அவனோடு நட்புக் கொண்டிருக்கிறான் என்று ஒற்றர்கள் அங்கதனிடம் சொன்ன செய்தியும் அவளுக்குத் தெரியும். தம்பியோடு சமாதானமாகப் போய்விடச் சொல்கிறாள். மற்றப் பெண்களோடு அவளைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு வாலி போகிறான். மறைந்திருந்த ராமனின் அம்பில் விழுகிறான். பிறகு, அழுகிறவர்களைத் தேற்றும்போது ராமன் சொல்வது: உலகில் எல்லாவற்றுக்கும் காரணம் நியதி.

நியதிதான் காரணம் என்றால் மறைந்து நிற்பானேன்? அம்பை எய்வதற்கு முன் அங்கே எல்லோரும் திட்டமிட்டார்கள், கணக்குப் போட்டார்கள், காரணங்களைக் கையாண்டார்கள். விதி என்ற சொல் காரியம் முடிந்த பிறகே வருகிறது.

நம் வீடுகளிலும் அப்படித்தான். மாப்பிள்ளை பார்க்கிறார்கள், நகை பேசுகிறார்கள், படிப்பை நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் முடிவு செய்கிறார். அந்தப் பெண் துன்பப்பட்டுத் திரும்பி வந்தால் மட்டும் 'அவ தலையெழுத்து'. முடிவெடுத்தவர்கள் எல்லோரும் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார்கள்.

இதற்கு மாற்றாக, எதுவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படவில்லை என்று நிறுவிவிட்டால் போதும் எனச் சிலர் நினைக்கிறார்கள். இயற்பியல் அவர்களுக்குத் துணைவருவதுபோலத் தெரிகிறது. உலகின் இன்றைய நிலை முழுவதையும் அறிந்த ஓர் அறிவால் எதிர்காலம் முழுவதையும் கணக்கிட முடியும் என்று 1814இல் லாப்லாஸ் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் குவாண்டம் இயற்பியல் அந்த நம்பிக்கையை உலுக்கியது. ஒரு கரித்துண்டில் உள்ள கார்பன்-14 அணுக்களில் ஏறத்தாழப் பாதி 5,730 ஆண்டுகளில் சிதையும் என்று சொல்லலாம். ஆனால் குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. நம் அளவீட்டுக் கருவிகளின் குறைபாடு அல்ல அது, இயற்கையே அப்படித்தான் என்பது பெரும்பான்மை இயற்பியலாளர் கருத்து.

சரி, இதனால் நமக்கு விடுதலை கிடைத்துவிட்டதா? இல்லை. மூளையில் ஏதோ ஓர் அணு தற்செயலாகத் துள்ளி, என் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல் வந்தால், அது என் 'வேண்டாம்' அல்ல. நான் யோசித்து, என் காரணங்களால் சொல்லும்போதுதான் அது என்னுடையதாகிறது. அதாவது, சுதந்திரத்துக்கும் காரணங்கள் வேண்டும். தலையெழுத்துக்கு எதிர்ச்சொல் தற்செயல் இல்லை.

இங்கே இரண்டு கருத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பது ஒன்று. நீ என்ன செய்தாலும் நடப்பதுதான் நடக்கும் என்பது இன்னொன்று. முதலாவதில் என் சொல்லும் செயலும் காரணச் சங்கிலியின் கண்ணிகள்; அவை மாறினால் விளைவும் மாறும். இரண்டாவதில் எனக்கு இடமே இல்லை. பெண்களுக்கு இதுவரை போதிக்கப்பட்டது இந்த இரண்டாவதுதான்.

இதை எதிர்த்து வாதாடிய பெண் தமிழில் ஏற்கெனவே இருக்கிறாள். சமணக் காப்பியமான 'நீலகேசி'யின் நாயகி, பிற சமயவாதிகளைத் தேடிப்போய் வாதிடுகிறாள். எல்லாம் நியதிப்படி நடக்கும், முயற்சியால் பயனில்லை என்ற ஆசீவகக் கொள்கையும் அவளிடம் தப்பவில்லை. சமயத்துக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம்தான். ஆனாலும் முயற்சிக்குப் பொருள் உண்டு என்று ஒரு பெண்ணின் வாயால் பேசவைத்த நூல் அது.

காரணங்கள் மாறினால் வாழ்க்கை மாறும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. உதவி பெற மணப்பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும். 2022இல் அது புதுமைப் பெண் திட்டமானது: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். திருமணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போகிறது. ஒரு குறிப்பிட்ட பெண் என்ன ஆவாள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அந்த ஒற்றை அணுவைப் போலவே. ஆனால் பெண்கள் கூடுதலாகப் படிக்கும் இடங்களில் திருமண வயது உயர்கிறது. தலையெழுத்து என்று ஒன்று இருந்தால் அது உதவித்தொகைக்கு அசைந்துகொடுக்குமா?

தாரைக்குச் சுதந்திரம் இல்லாமல் இல்லை. அவள் யோசித்தாள், ஆதாரத்தோடு பேசினாள். அவள் சொல் ஒரு காரணமாக ஏற்கப்படவில்லை, அவ்வளவுதான். அவளுக்குச் சொல்ல வாலி ஒருவன்தான் இருந்தான். இன்று பதினெட்டு வயது ஆகாத ஒரு பெண்ணுக்குத் திருமணம் பேசினால், அவளோ அவள் தோழியோ ஆசிரியரோ 1098க்கு அழைக்கலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது. எல்லா அழைப்பும் திருமணத்தை நிறுத்திவிடுவதில்லை. ஆனால் அழைக்காமல் விட்டுவிட்டுப் பிறகு விதி என்று சொல்கிறவர்களிடம், அம்பு புறப்படுவதற்கு முன் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று நாம் கேட்க வேண்டும்.