தோல் பதனிடுகிறவன் வீட்டு விலாசம்

ஆதார வேதபகுதி: அப்போஸ்தலர் 10:1-23, கலாத்தியர் 3:10-14

செசரியா பட்டணத்தில் கொர்நேலியு என்னும் நூற்றுக்கு அதிபதிக்குத் தரிசனமான தேவதூதன், அவன் கையில் ஒரு விலாசத்தைக் கொடுத்தான். ஊர் யோப்பா. வீட்டுக்காரன் பெயர் சீமோன். தொழில் தோல் பதனிடுதல். வீடு கடலோரத்தில் இருக்கிறது. பரலோகத்திலிருந்து வந்தவன் அந்த மனிதனுடைய தொழிலை மறைக்கவில்லை. அந்த வீட்டில் விருந்தாளியாயிருந்த பேதுருவுக்கும் சீமோன் என்ற பெயர் இருந்தபடியால், குழப்பம் வராதிருக்கும்படி தொழிலைச் சொன்னான் என்று விளக்குவோர் உண்டு. இருக்கலாம். ஆனாலும் கௌரவமான மனிதர்கள் சொல்லக் கூசும் ஒரு தொழிலின் பெயர், தேவ சமுகத்திலிருந்து வந்த செய்தியில் கூச்சமின்றி இடம்பெற்றது என்பது சாதாரணமான காரியமல்ல.

ஏனெனில் யூதரிடத்தில் தோல் பதனிடுகிறவனுக்கு இருந்த மதிப்பு மிகவும் தாழ்ந்தது. செத்த மிருகத்தின் உடலைத் தொடுகிறவன் சாயங்காலம்வரைக்கும் தீட்டுள்ளவன் என்பது லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின் பிரமாணம். சீமோனோ ஒவ்வொரு நாளும் அதையே தொட்டுப் பிழைத்தவன். யூத ரபிமார்களின் தீர்ப்புகள் கி.பி. 200ஆம் ஆண்டு வாக்கில் மிஷ்னா என்ற தொகுப்பாக்கப்பட்டன. தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழத்துக்கு அப்பால், அதுவும் கிழக்குத் திசையில் மட்டுமே இருக்கவேண்டும் என்று அதில் காண்கிறோம். தோல் பதனிடுகிறவன் என்று தெரிந்தே மணந்த மனைவியும், "தாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினேன், முடியவில்லை" என்று சொல்லித் தள்ளுதற்சீட்டுக் கேட்கலாம் என்றும் அதில் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியும் ஊறும் தோலும் எழுப்புகிற நாற்றம் அப்படிப்பட்டது. அப்படிப்பட்ட வீட்டில்தான் அப்போஸ்தலனாகிய பேதுரு அநேக நாள் தங்கியிருந்தார்.

மும்பையில் வாழும் தமிழ் விசுவாசிகளுக்கு இந்த விலாசம் அந்நியமானதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாஹிம் கழிமுகத்தின் ஓரத்துச் சதுப்பு நிலமாயிருந்த தாராவியில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அதில் முன்னின்றார்கள். தொட்டிகளில் இறங்கித் தோலை மிதித்தும் சுரண்டியும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதே சீமையின் ஒடுக்கப்பட்ட மக்கள். அருகே பாந்திராவில் ஆடுமாடு அடிக்கும் தொட்டி இருந்தது. தண்ணீரும் இருந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போன நிலமும் இருந்தது. யோப்பாவின் கடலோரத்துக்குச் சீமோன் போன காரணங்களும் ஏறக்குறைய இவையே. ஆடுமாடு அடிக்கும் தொட்டி 1971ஆம் ஆண்டு செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாறிற்று. பின்னாளில் தோல் பதனிடும் கூடங்களும் பெரும்பாலும் தாராவியை விட்டுப் போயின. தோல் பையும் இடைவாரும் செய்து விற்கிற கடைகள் இன்றும் அங்கே உண்டு.

நாற்றம் போனபின்பும் பெயர் போகவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதும் வாலிபன் 'தாராவி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சயான்' என்றோ 'மாஹிம்' என்றோ எழுதுவது அங்கே தெரிந்த சங்கதி. பெண் பார்க்க வருகிறவர்களிடம் 'மாட்டுங்கா' என்று சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற குடியிருப்பு தாராவிக்குள்ளேயே இருப்பதால் அது முழுப் பொய்யும் ஆகாது! இப்படி விலாசத்தை மறைத்து மறைத்து, நாளடைவில் மனிதன் தன்னையே மறைக்கத் தொடங்குகிறான். "எங்கள் குடும்பத்தின்மேல் ஏதோ சாபம் இருக்கிறது" என்ற எண்ணம் அந்த மறைவிடத்தில்தான் முளைக்கிறது.

அந்த எண்ணத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் சபைக்குள்ளேயே எழும்பியிருப்பது வேதனைக்குரியது. தலைமுறை சாபம், பூர்வீக சாபம் என்று பட்டியலிட்டு, பாட்டன் பூட்டன் பெயர்களை எழுதி வாங்கி, சாபம் முறிக்கும் ஜெபத்துக்கென்று காணிக்கையும் வாங்கிக்கொள்ளுகிறார்கள். வீட்டு வேலை செய்து மாதம் முழுதும் கை தேய்ந்த சகோதரி, மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று அந்தக் கூட்டத்துக்குப் போய், ஒரு மாதக் கூலியைக் கொடுத்துவிட்டு வருகிறாள். வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் வேறொரு சீமோனும் உண்டு. 8ஆம் அதிகாரத்தில் தேவனுடைய வரத்தைப் பணத்தினால் வாங்கலாம் என்று நினைத்த மாயவித்தைக்காரன் அவன். தோல்காரச் சீமோன் வீட்டில் தங்கின பேதுரு, அந்தச் சீமோனுடைய பணத்தை அவன் முகத்துக்கு நேரே தள்ளிவிட்டார். குஷ்டம் நீங்கின நாகமானிடத்தில் எலிசா ஒன்றும் வாங்கவில்லை. பின்னாலே ஓடிப்போய் வாங்கிக்கொண்டவன் கேயாசி. குஷ்டம் யாரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டது என்பதை 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம்.

தகப்பன் தின்ற புளித்த காய்க்காக மகனுடைய பல் கூசும் என்ற பழமொழியை இஸ்ரவேலில் இனிச் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் கர்த்தரே தடைசெய்தார். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவமோ பெற்றவர் பாவமோ என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னார் (யோவான் 9:1-3). அதற்குமேலும் குடும்ப வரலாற்றைத் துருவிக்கொண்டிருப்பவர்கள் யாருடைய சீஷர்கள்?

அப்படியானால் சாபம் என்று ஒன்று இல்லையா? உண்டு. கலாத்தியர் 3:10இன்படி, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை நம்பியிருக்கிற எவனும் சாபத்தின் கீழ் இருக்கிறான். பவுல் இதில் இடம், குலம், தொழில் எதையும் பார்க்கவில்லை. தாராவியின் சந்துக்குள் இருக்கிறவனும் மலபார் ஹில்லின் மாடியில் இருக்கிறவனும் ஒரே தீர்ப்பின் கீழ் நிற்கிறார்கள். ஒருவன் வீட்டில் தண்ணீர் வருகிறது, மற்றவன் வீட்டில் வரவில்லை என்பதனால் அந்தத் தீர்ப்பு மாறுவதில்லை. 13ஆம் வசனத்தில் அந்தச் சாபத்திலிருந்து கிறிஸ்து மீட்டுக்கொண்ட விதம் சொல்லப்படுகிறது. பவுல் அங்கே உபாகமம் 21:23ஐ நினைவூட்டுகிறார். மரத்தில் தூக்கப்பட்டவனுடைய பிரேதம் தேசத்தைத் தீட்டுப்படுத்தும்; ஆகையால் இரவுக்கு முன்னே அதை அடக்கம்பண்ண வேண்டும் என்பது அந்தப் பிரமாணம். தீட்டு என்று யாவரும் விலகுகிற அந்த இடத்துக்கே தேவகுமாரன் வந்தார். தீட்டானவர்களைத் தூரத்திலிருந்து சுத்திகரித்தார் என்று வேதம் சொல்லவில்லை. அவர்தாமே சாபமானார் என்கிறது. இதைவிட அருகில் வர முடியாது.

13ஆம் வசனத்தை உரத்த சத்தமாய்ப் பிரசங்கிக்கிற பலர் 14ஆம் வசனத்தை வேகமாய்த் தாண்டிவிடுகிறார்கள். ஆபிரகாமின் ஆசீர்வாதம் புறஜாதியாருக்கு வருவதும், விசுவாசத்தினால் ஆவியானவரைப் பெறுவதுமே அந்த மீட்பின் பலன் என்று பவுல் எழுதுகிறார். காரும் பங்களாவும் அங்கே இல்லை. இதை எழுதினவர் பசியும் குளிரும் நிர்வாணமும் அறிந்தவர் (2 கொரிந்தியர் 11:27). வறுமை என்றாலே சாபம் என்றால், அப்போஸ்தலனாகிய பவுலைச் சபிக்கப்பட்டவர்களின் வரிசையில் நிறுத்தவேண்டியிருக்கும்.

ஆனால் தேவன் போஷிக்கிறவர் என்பதையும் இதே மும்பை கண்டிருக்கிறது. 1889ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, பம்பாயில் பண்டித ரமாபாய் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். கணவன் இறந்தது மனைவியின் முற்பிறவிப் பாவத்தினால் என்று நம்பி, தலையை மழித்து, சுபகாரியங்களில் முகத்தில் விழிக்கக்கூடாதவளாக இளம் விதவைகளை ஒதுக்கி வைத்த காலம் அது. ரமாபாயும் விதவை. 1882ஆம் ஆண்டு அவர் கணவர் காலராவில் மரித்தபோது அவருக்கு வயது 23, கையில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முன்பே, 1874ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் புண்ணிய ஸ்தலங்களைச் சுற்றிவந்த அவருடைய பெற்றோர் பட்டினியில் மரித்திருந்தார்கள். 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

அவருடைய ஊழியத்துக்கு அமெரிக்காவில் ஏற்பட்ட ஒரு சங்கம் பத்து வருஷத்துக்கு உதவி வாக்களித்தது. அந்தத் தவணை முடிவுக்கு வந்துகொண்டிருந்த நாட்களில், 1896-97ஆம் ஆண்டுகளில், மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. கணக்குப் பார்க்கிற எவரும் ஆட்களைக் குறைக்கிற சமயம். ரமாபாயோ பஞ்சம் பிடித்த ஊர்களுக்குப் போனார். தாம் பெண் பிள்ளையாய்ப் பட்ட பசி அவருக்கு மறக்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். புனேக்கு அருகே கேட்காவ்ன் என்ற இடத்தில் அவர்களுக்கு உண்டான இல்லத்தின் பெயர் முக்தி. 1900ஆம் ஆண்டு குஜராத்திலும் பஞ்சம் வர, அங்கிருந்தவர்களின் தொகை ஏறக்குறைய 2000 ஆனது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைகளைப் போஷித்த ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கையை வாசித்து அறிந்திருந்த ரமாபாய், அவரைப்போலவே ஜெபத்தை நம்பி இந்த வேலையில் இறங்கினார்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. முக்தியில் கிணறு வெட்டினார்கள், நிலத்தை உழுதார்கள், நெய்தார்கள், அச்சு வேலை கற்றார்கள். சாபம் பிடித்தவள் என்று கைதொடப்படாதிருந்த பெண்ணின் கையில் தேவன் வேலையைக் கொடுத்தார். வனாந்தரத்தில் மன்னா பொழிந்த நாட்களிலும் அதைப் பொறுக்கிக்கொண்டு வருவது இஸ்ரவேலரின் பங்காயிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு நாள் அளவாய்ப் பொறுக்கினார்கள். சேர்த்து வைத்தது புழுத்துப்போயிற்று (யாத்திராகமம் 16:20). தினக்கூலிக்காரனுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். பொதுக் கழிப்பறைக்கு வரிசை. கூலி நின்றுபோன வீடுகள். தாராவி அழியும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். மாநகராட்சி வீடு வீடாய்ச் சோதித்தது, நோயுற்றவர்களைத் தனியே வைத்தது, சமைத்த உணவைக் கொடுத்தது. தொண்டு நிறுவனங்களும் சபைகளும் மசூதிகளும் கோயில்களும் அரிசி பருப்பு கொண்டு சேர்த்தன. அதே ஆண்டு ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரை நல்ல முன்மாதிரியாகச் சொன்னார். மறைத்து வந்த விலாசம் அன்றைக்கு உலகமெங்கும் வாசிக்கப்பட்டது.

இப்பொழுது தாராவிக்கு வேறொரு சோதனை. மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024ஆம் ஆண்டு தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை இல்லை. பழைய ரேஷன் கார்டையும் மின்கட்டண ரசீதையும் தேடிப் பெட்டிகளைக் கவிழ்க்கிற வீடுகளில், தேவன் பார்த்துக்கொள்வார் என்ற வார்த்தை இலேசாய்ச் சொல்லத்தக்கதல்ல. மோரியா மலையில் ஆபிரகாமுக்கும் அது இலேசாயிருக்கவில்லை. மூன்று நாள் நடந்து, விறகை அடுக்கி, கத்தியை எடுத்தபின்புதான் அவன் அந்த இடத்துக்கு யேகோவாயீரே என்று பேரிட்டான். அப்படிப்பட்ட வீட்டில் ஜெபிக்கப் போகிற சபையார் ஜெபித்தபின்பு உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொடுத்தால், வரிசையில் கூட நின்றால், அதுவும் போஷிப்பின் ஒரு பகுதியே.

பேதுரு மாடியில் ஜெபித்துக்கொண்டிருந்த மத்தியான வேளையில் அவருக்குப் பசி உண்டாயிற்று என்றும், வீட்டார் சாப்பாடு ஆயத்தம்பண்ணினார்கள் என்றும் லூக்கா எழுதுகிறார். ஊராரால் தீட்டென்று ஒதுக்கப்பட்ட வீட்டின் அடுப்பில் அப்போஸ்தலனுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தபோதே, தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டாக எண்ணாதே என்ற சத்தம் மூன்றுதரம் உண்டாயிற்று. கொர்நேலியு அனுப்பின மூன்று பேரும் விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். புறஜாதியாராகிய அவர்களைப் பேதுரு உள்ளே அழைத்துத் தங்கச்செய்தார். வீடு சீமோனுடையது. அன்று இரவு அந்த வீட்டில் மூன்று பேருக்குக் கூடுதலாய்ச் சாப்பாடு ஆயிற்று.