இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!



மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பிரயாணம் புறப்படும் தகப்பனார், அந்த ஒருநாளைக்கு ஒரு சின்ன ராஜாவாகிவிடுகிறார். எப்போது புறப்படுவது, எந்தப் பாதையில் நடப்பது, எங்கே உட்காருவது, எல்லாம் அவர் வாக்குப்படிதான். அந்த அதிகாரம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது? தூர தேசத்து உதாரணம் ஒன்றை வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் நடுவிலே, செம்மண்ணும் செம்பாறையுமான வறண்ட பிரதேசத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே 135 கிலோமீட்டர் போனால் ஆர்மிஸ்டன் என்ற மலைப்பிளவு. அரண்டா என்னும் பூர்வ குடிகளின் நாடு அது. செங்குத்தான சிவந்த பாறைகளின் அடியில், ஆற்று மணலுக்கு நடுவே, பெரும்பாலும் வற்றாத ஒரு மடு உண்டு. நிறைந்திருக்கும் காலத்தில் அதன் ஆழம் 14 மீட்டர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மைல் கணக்கில் புழுதியைக் கடந்து வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரைக் கண்டாலே உயிர் வரும்.

மடுவுக்குப் போக இரண்டு வழிகள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நேரே நடந்தால் சில நிமிஷங்கள்தான். மற்றது, வளையமாக மலை சூழ்ந்த வெளியைச் சுற்றி, பிளவின் வழியாக வந்து மடுவைச் சேரும் சுமார் 9 கிலோமீட்டர் பாதை. 3 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். நெடுந்தூரம் நிழல் கிடையாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தகப்பன், தாய், 13 வயதுப் பையன், 7 வயதுச் சிறுமி. வெயில் ஏறத் தொடங்கும் அக்டோபர் மாதம். விடியற்காலையில் நடக்கத் தொடங்க நினைத்தவர்கள், தாமதமாகி 10 மணிக்குத்தான் தொடங்கினார்கள். நடந்தே மடுவை அடைய வேண்டும் என்பது தகப்பனுடைய ஆசை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பாட்டுப் பாடிக்கொண்டு வந்த சிறுமி பேச்சை நிறுத்திவிட்டாள். முகம் சிவந்திருக்கிறது, தலை வலிக்கிறது என்கிறாள். கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டது. பாதையிலோ பாதி ஆகவில்லை. “திரும்பிவிடலாமே” என்கிறாள் தாய். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே! மடுவில் இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார் தகப்பன்.

பிரியமானவர்களே, இந்த வார்த்தையைச் சற்றே நிறுத்துப் பாருங்கள். இவ்வளவு தூரம் வந்தது உண்மைதான். ஆனால் நடந்த தூரம் நடந்தாயிற்று. முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் அந்தப் பிரயாசை திரும்பக் கிடைக்கப்போவதில்லை. தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இனிமேல் வரும் வழிக்குக் கையிலுள்ள தண்ணீர் போதுமா, அந்தக் குழந்தையின் உடல் தாங்குமா? போன நேரத்தின்மேல் வைத்த பாசம், வரப்போகும் ஆபத்தைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது.

“அப்படியானால், சுவாமி, எடுத்த காரியத்தைப் பாதியில் விடும்படி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கஷ்டத்தைச் சகிக்கத் தெரியாத பிள்ளை வாழ்க்கைக்கு உதவாது. கால் வலிக்கிறது, அலுப்பாயிருக்கிறது என்று பையன் முணுமுணுத்தால், கொஞ்சம் உட்கார வைத்து, மறுபடியும் நடக்கச் சொல்லுங்கள். அது அவனுக்கு நன்மை. ஆனால் சிறுமியின் காரியம் வேறு. சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களுடையதைவிட விரைவில் சூடேறும். தாகத்தைச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. திடம் தலையான புண்ணியங்களில் ஒன்று. விவேகமும் அவற்றில் ஒன்றே. விவேகத்தை விட்டுப் பிரிந்த திடம் வெறும் பிடிவாதம்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. தவறிப்போனால் விலை கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். தன் சொந்த பலத்தைப் பணயம் வைக்கிறவனைத் துணிந்தவன் என்றாவது சொல்லலாம். ஆபத்து இன்னதென்று அறியாமல், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வருகிற குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க எந்தத் தகப்பனுக்கும் உரிமையில்லை. குடும்பமாக நடக்கும்போது வேகத்தை நிர்ணயிக்க வேண்டியவர், எல்லாரிலும் சிறியவரே.

அதே தேசத்தில் கட்டா ஜூட்டா என்ற பாறைக்குன்றுகளுக்கிடையே ஒரு நடைபாதை இருக்கிறது. வெப்பம் 36 பாகையை எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், காலை 11 மணிக்கு, முதல் காட்சிமுனைக்கு அப்பால் பாதையை மூடிவிடுகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. வெயிலில் மூளை சூடேறிய பிறகு எடுக்கும் தீர்மானத்தைவிட, குளிர்ந்த மனதோடு முன்கூட்டியே செய்த தீர்மானம் நல்லது. புறப்படுமுன்பே வீட்டில் பேசி வையுங்கள்: பாதி வழிக்கு முன் பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்புவோம், யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் திரும்புவோம், சொல்கிறவரைக் கேலி செய்யமாட்டோம்.

நம் கதையின் தகப்பன் கடைசியில் மனைவியின் சொல்லைக் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த நிழலில் எல்லாம் குழந்தையை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, துணியை நனைத்துப் போட்டு, மெள்ளத் திரும்பினார்கள். நன்றாக இளைப்பாறிய பின், பக்கத்து வழியாகவே மடுவுக்குப் போனார்கள். தகப்பன்தான் முதலில் இறங்கினார். அந்தப் பக்கத்து மடுக்களில் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும். சூடேறிய உடலோடு குதித்தால் மூச்சுத் திணறும். கரையோரம் சிறுமி காலை நனைத்துச் சிரித்தாள். இப்போது சொல்லுங்கள், நஷ்டம் என்ன? நடந்தே அடைவேன் என்ற தகப்பனுடைய எண்ணம் ஒன்றுதான். குடும்பத்தின் சந்தோஷத்துக்காக ஏற்பட்ட பாதையை, அவர் சிறிது நேரம் குடும்பத்தைவிடப் பெரிதாக்கிவிட்டார்.

எல்லாச் சமயத்திலும் பக்கத்து வழி இருக்காது. சில வேளை மடுவைக் காணாமலே வீடு திரும்ப வேண்டும், பிள்ளைகள் அழுவார்கள். அப்போதும் திரும்பத்தான் வேண்டும். “நான் நினைத்தது தப்பு, திரும்புவோம்” என்று அப்பா சொன்னதைப் பையன் கேட்டானே, அது 9 கிலோமீட்டர் நடையைவிடப் பெரிய பாடம்.

மலையும் மடுவும் இல்லாத நம் வீடுகளிலும் இதே வார்த்தை ஒலிக்கிறது. இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று வரப்புத் தகராறு வழக்கை இழுக்கிறோம். இவ்வளவு பேசிவிட்டோமே என்று பெண்ணுக்குப் பிடிக்காத சம்பந்தத்தை முடிக்கிறோம். அடுத்த முறை அந்த வார்த்தை உங்கள் நாவில் வரும்போது, ஒரு நிமிஷம் நின்று, பின்னால் நடந்து வருகிற சிறியவரின் முகத்தைத் திரும்பிப் பாருங்கள்.