ஒரே ஒரு ஃபோன் கால்

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் டீம் லஞ்ச். எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, எனக்குத் தயிர் சாதம். "என்னப்பா, விரதமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமிதம்.

அன்று சாயங்காலம் சித்தியிடமிருந்து ஃபோன். சித்தி பையன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடமாகிறது, வேலை கிடைக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த சின்ன நிறுவனம் ஒன்றைப் போன வருடம் மூடிவிட்டார்கள். அங்கே ஒன்றரை வருடம் வேலை பார்த்ததாகத் தம்பி ரெஸ்யூமேயில் போட்டிருக்கிறான். மேனேஜர் என்ற இடத்தில் என் பெயர்.

"வெரிஃபிகேஷனுக்குக் கூப்பிடுவாங்களாம். ஆமான்னு மட்டும் சொல்லிடுப்பா. ஒரே ஒரு ஃபோன் கால்தானே."

"சரி சித்தி, பாத்துக்கலாம்" என்றேன்.

சோதனை என்றால் மறைக்கல்வி வகுப்பில் பாம்பும் பழமும்தான் காட்டினார்கள். ஆசை வரும், அடக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஆசை எதுவும் வரவில்லை. காரணங்கள்தான் வந்தன, வரிசையாக, ஒவ்வொன்றும் நியாயமாக. கல்விக் கடன் கழுத்தை நெரிக்கிறது. பையன் கெட்டிக்காரன், வேலையை எப்படியும் கற்றுக்கொள்வான். புதுசாகப் படித்து வருகிறவனிடம் அனுபவம் கேட்பதுதான் அநியாயம். ஊர் உலகத்தில் யார் செய்யவில்லை? கடைசியில் இயேசுவையே துணைக்குக் கூப்பிட்டேன்: ஓய்வுநாள் சட்டத்தைவிட மனுஷன் முக்கியம் என்றவர்தானே அவர்?

இரண்டு நாள் கழித்து ஞாயிறு பூசை. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, எந்த வருடமானாலும், இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட பகுதியைத்தான் வாசிப்பார்கள். அன்று மத்தேயு 4ஆம் அதிகாரம். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. சாத்தான் அங்கே கெட்ட வார்த்தை எதுவும் பேசுவதில்லை. 40 நாள் பட்டினி கிடந்தவரிடம் ரொட்டியைப் பற்றிப் பேசுகிறான். பசித்தவன் சாப்பிட்டால் என்ன தப்பு? அடுத்ததாக அவன் நீட்டுவது 91ஆம் சங்கீதம். வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டுகிறான், என்னைப் போலவே.

இயேசு வாதாடவில்லை. மூன்று தடவையும் இணைச்சட்ட நூலிலிருந்து சின்னதாக ஒரு பதில், அவ்வளவுதான். ஏதேனில் நடந்தது வேறு. பாம்பு தப்பாக ஒன்றைக் கேட்கிறது, பெண் திருத்துகிறாள். நல்ல எண்ணத்தோடுதான் பேச்சில் இறங்குகிறாள். ஆனால் திருத்தும்போதே, தொடவும் கூடாது என்று கட்டளையில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுகிறாள். பேச்சு நீள நீள, சொல்லப்பட்டது என்ன என்பதே கலங்கிப்போகிறது. நான் செய்யும் வேலையில் இது தினசரி நடக்கும். நேரம் மட்டும் கொடுங்கள், எந்த மோசமான டிசைனையும் என்னால் நியாயப்படுத்த முடியும்.

நான்காம் நூற்றாண்டில் எவாக்ரியஸ் என்று ஒருவர் இருந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் திருத்தொண்டர், வாதத்தில் கெட்டிக்காரர். உயர் அதிகாரி ஒருவரின் மனைவியோடு காதல் ஏற்பட்டது. அவருடைய சீடர் பல்லாடியஸ் எழுதியிருக்கும் கதைப்படி, ஒரு நாள் கனவில் சிறையில் கிடக்கிறார். ஊரை விட்டுப் போய்விடுவதாக நற்செய்தி நூலின் மேல் சத்தியம் செய்கிறார். விழித்ததும் சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு எருசலேமுக்குக் கிளம்பிவிடுகிறார். கனவில் செய்த சத்தியம்! அதை உடைக்க ஒரு வாதம்கூடத் தேவையில்லை, "கனவுதானே" என்ற ஒரு சொல் போதும். அந்தக் கெட்டிக்காரர் அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. எருசலேமில் மறுபடி தடுமாறியதும் உண்டு. மெலானியா என்ற துறவிதான் அவரைத் தேற்றி எகிப்தின் பாலைநிலத்துக்கு அனுப்பிவைத்தார். 399இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். துறவிகளை அலைக்கழிக்கும் எட்டு வகை எண்ணங்களைப் பட்டியலிட்டவர் அவர். பிற்பாடு ஏழு தலையான பாவங்களாக ஆனது அந்தப் பட்டியல்தான். ஒவ்வொரு எண்ணத்துக்கும் வேதத்திலிருந்து சின்னச் சின்னப் பதில்களைத் திரட்டி ஒரு புத்தகமே எழுதிவைத்தார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது தங்குவதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது என்பது அவர் கண்டுகொண்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். வாதமே கூடாதென்றால் மூளையைக் கழற்றி வைப்பதா? மதத்தின் பேரில் எத்தனை கொடுமைகள் யோசிக்காமல் நடந்திருக்கின்றன? நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த ஒரே சோதிப்பு இது: இந்த வாதத்தை, இதனால் நஷ்டப்படுகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? உண்மையைத் தேடும் வாதம் வெளியே வரத் தயங்காது. அந்த இரண்டு நாளும் என் காரணங்களை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அதே வேலைக்கு, "அனுபவம்: இல்லை" என்று உண்மையை எழுதிவிட்டுக் காத்திருக்கும் இன்னொரு பையன் இருப்பான். அவனுக்கும் ஒரு சித்தி இருப்பாள், கல்விக் கடன் இருக்கும். அவனிடம் போய், "எங்க வீட்டுக் கஷ்டம், நீ கொஞ்சம் ஒதுங்கிக்கோ" என்று என்னால் சொல்ல முடியாது.

அன்று இரவு தம்பிக்கு ஃபோன் செய்தேன். பெரிய விளக்கமெல்லாம் தயாராக இருந்தது. ஆரம்பித்தால் பாதியில் நானே மாறிவிடுவேன் என்று தெரியும். "டேய், என்னால பொய் சொல்ல முடியாதுடா. என் பேரை எடுத்துடு" என்றேன். "சரிண்ணா" என்று வைத்துவிட்டான்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒன்று உறுத்தியது. நான் மறுத்தது அந்த இன்னொரு பையனுக்காகவா, என் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவா? தயிர் சாதத்தின் மேல் வந்த அதே பெருமிதம் இதிலும் கலந்திருந்தது. கல்லை ரொட்டியாக்க மறுத்தவர், பசி முக்கியமில்லை என்று போய்விடவில்லை. பிறகு கூட்டத்தை உட்காரவைத்து ரொட்டியும் மீனும் கொடுத்தார். குறுக்குவழியை மறுத்த பிறகும் அந்தப் பசி நம் வாசலில்தான் நிற்கிறது.

அடுத்த வாரம் தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். முதல் வாரம் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை லேப்டாப்போடு வந்து நின்றான். இப்போது சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் உட்காருகிறோம். கேட்கிற கேள்விகள் நன்றாக இருக்கின்றன. வேலை இன்னும் கிடைக்கவில்லை. சித்தி என் ஃபோனை இன்னும் எடுப்பதில்லை.