வாங்கிய கருவியை ஆராய்வது களவாகுமா?

ஒருவன் தன் பணத்தைக் கொடுத்து ஒரு கருவியை வாங்குகின்றான். அது எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் செய்தவர் சொல்ல மறுக்கின்றார். வாங்கியவன் தானாகவே ஆராய்ந்து, கண்டதைப் பிறருக்கும் அறிவித்தால் அது களவா, நியாயமா? கணினி யுகம் நம்முன் வைக்கும் அறநெறிக் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

விரல் ரேகையைப் படிக்கும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். யூ.எஸ்.பி. வயரினால் கணினியுடன் இணைக்கப்படும் இக்கருவி, தன்னோடு பேசத் தெரிந்த 'இயக்கி' என்னும் மென்பொருள் இல்லாவிடில் வெறும் பிளாஸ்டிக் துண்டே. உற்பத்தியாளர் பலர் விண்டோஸ் முறைமைக்கு மட்டுமே இயக்கியை வழங்கினர். லினக்ஸ் பாவிப்போர் கைவிடப்பட்டனர்.

இந்நிலையில் சிலர் பொறுமையோடு ஒரு காரியம் செய்தனர். விண்டோஸில் கருவி இயங்கும்போது வயரின் வழியே போய்வரும் செய்திகளைப் பதிவு செய்தனர். விரலை வைத்தால் எந்த எண் மாறுகின்றது, எடுத்தால் எது மாறுகின்றது என ஒப்பிட்டனர். பின்னர் அக்கட்டளைகளை அனுப்பும் மென்பொருளைத் தாமே எழுதினர். 2007இல் மன்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர் டானியல் டிரேக் தொடங்கிய 'எஃப்பிரின்ட்' திட்டம், இத்தகைய இயக்கிகளை ஒன்றுசேர்த்து, எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியதாக வெளியிட்டது.

"உழைத்தவனின் இரகசியத்தைப் பறிப்பது அநீதியன்றோ?" எனச் சிலர் கேட்பர். உழைப்புக்குக் கூலி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் இங்கே ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். பிறர் எழுதிய மென்பொருளைப் பிரதிசெய்து விற்பது ஒன்று. தனக்குரிய கருவியின் நடத்தையைக் கவனித்து, சொந்த உழைப்பால் புதிதாக எழுதுவது வேறொன்று. முன்னையதில் பிறர் உடைமை அபகரிக்கப்படுகின்றது. பின்னையதில் பெறப்படுவது அறிவு மட்டுமே. கருவியின் விலையோ முன்பே செலுத்தப்பட்டுவிட்டது. ஐரோப்பிய சமூகம் 1991இல் பிறப்பித்த சட்டப் பணிப்பும், ஐக்கிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டமும், மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான ஆராய்ச்சிக்கு நிபந்தனைகளுடன் இடமளித்தன.

"திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா?" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது பாரதூரமானது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஆயினும் இக்காரணமே மறுபக்கத்துக்கும் வலுவளிக்கின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விரல் ரேகைக் கருவி, ரேகையின் படத்தை இரகசியக் குறியீடாக மாற்றாமலே கணினிக்கு அனுப்புகின்றது என்பதை 2006இல் பின்லாந்து ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்காட்டினார். முக்கிய தகவல்களைக் காக்க அக்கருவியை நம்பவேண்டாமென நிறுவனமே கூறியிருந்தது உண்மை. ஆனால் குறை எதுவென மக்கள் தெளிவாக அறிந்தது, ஒருவர் துணிந்து ஆராய்ந்தபடியாலேயே. திருடன் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. தடையினால் இருளில் விடப்படுபவர்கள் நேர்மையானவர்களே.

எனினும் அறிந்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் சீர்தூக்கியே ஒன்றை நன்றென்றோ தீதென்றோ கூறலாம். தன் கருவியை ஆராய்பவன் குற்றவாளியல்லன். அவ்வறிவைக் கொண்டு அயலானின் ரேகையைக் கவர்பவன் கள்வனே. குறையைக் கண்டவன் முதலில் உற்பத்தியாளருக்கு அறிவித்து, திருத்துவதற்கு அவகாசம் கொடுத்தல் முறையாகும்.

உற்பத்தியாளரும் மௌனத்தைத் தம் உரிமையெனக் கருதலாகாது. மனிதனிடம் அவனுடைய உடலின் அடையாளத்தையே கேட்டுப் பெறுபவர், அதை என்ன செய்கின்றார் என்பதை அவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் சொல்ல மறுக்கும் இடத்தில், தன் விரலுக்கு என்ன நேருகின்றதென ஆராய்பவனைக் கள்வனென்று அழைப்பது எவ்வகையில் நீதியாகும்?